தெருச் சுற்றில் முதல் வெற்றி: நாரிஸின் மயாமி 2024 அதிர்ஷ்டமா, பிட் கணக்கா?

#1 | கடைசிவளைவு

எஃப்1 (ஃபார்முலா 1) மயாமி 2024 பந்தயம் பற்றிப் பேச்சு வந்தாலே "சேஃப்டி கார் கையில் கொடுத்த வெற்றி" (சேஃப்டி கார்: விபத்து நடந்தால் எல்லாரையும் மெதுவாகப் பின்னால் வரவைக்கும் கார்) என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். லாண்டோ நாரிஸுக்கு அது 110வது கிராண்ட் ப்ரீ. அதற்கு முன் 15 முறை போடியம் ஏறியும் வெற்றி இல்லை. அந்த நாளில் நடந்ததைச் சுற்று வாரியாகப் பார்த்தால் ஒரு வரியில் அடங்காது.

நாரிஸ் ஐந்தாவது இடத்தில் கிளம்பினார். முதல் வளைவில் பெரெஸ் பிரேக் பூட்டி உள்ளே வந்ததில் முன்வரிசையே கலைந்தது. அந்தக் கலவரத்தில் லாபம் பார்த்தவர் நாரிஸின் மெக்லாரன் அணித் தோழர் பியாஸ்ட்ரி. நாரிஸ் ஆறாவது இடத்துக்கு இறங்கி பெரெஸுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார். 17வது சுற்றில் பெரெஸ் டயர் மாற்றும் இடமான பிட்டுக்குப் போனதும் முன்னால் காலியிடம் கிடைத்தது. அங்கிருந்து பழைய மீடியம் டயரிலேயே நாரிஸ் ஓட்டிய வேகம்தான் பந்தயத்தின் மையம். முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக பிட்டுக்குள் போனார்கள், அவர் போகவில்லை. 28வது சுற்றில் மூன்றாம் வளைவில் மேக்னுசனும் சார்ஜன்ட்டும் மோதினார்கள், சேஃப்டி கார் வந்தது. அது முதலில் பிடித்தது வெர்ஸ்டாப்பனை, முன்னணியில் இருந்த நாரிஸை அல்ல. நாரிஸ் ஹார்டு டயர் மாற்றிக்கொண்டு முதலிடத்திலேயே வெளியே வந்தார். 57 சுற்று முடிவில் வெர்ஸ்டாப்பனைவிட 7.612 விநாடி முன்னால்.

மோதல் நடந்த நேரம் அதிர்ஷ்டம், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த நேரத்தில் பிட் செய்யாமல் முதலிடத்தில் இருந்தது அதிர்ஷ்டமா? இதைத்தான் பேச விரும்புகிறேன். தெருச் சுற்றில் (ஊர்ச் சாலைகளை மூடிப் போடும் தடத்தில்) முதல் வெற்றி கண்ட மற்றவர்களையும் சேர்த்துப் பேசலாம்.

#2 | தடுப்புச்சுவர்

முதலில் ஒரு ஆட்சேபணை. மயாமி தெருச் சுற்றே இல்லை. ஹார்ட் ராக் ஸ்டேடியத்தைச் சுற்றியுள்ள வாகன நிறுத்துமிடத்தில் போட்ட தற்காலிகத் தடம் அது. 5.412 கிமீ, 19 வளைவு, பல இடங்களில் ஓடி நிற்கத் தார்வெளி இருக்கிறது. அன்று வெர்ஸ்டாப்பன் 14, 15 வளைவுச் சிகேனில் (நெளிவளைவில்) போலார்டை, அதாவது தட ஓரக் குறித்தூணைப் பிடுங்கிக்கொண்டு போனாரே, மொனாக்கோவில் அதே தவறு செய்திருந்தால் கார் அங்கேயே நின்றிருக்கும்.

தெருவில் முதல் வெற்றி என்றால் ஒலிவியே பானிஸ், மொனாக்கோ 1996. லிஜியே கார், முகென்-ஹோண்டா எஞ்சின், 14வது இடத்திலிருந்து. அதையும் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்கிறார்கள். ஷூமாக்கர் முதல் சுற்றிலேயே சுவரில், ஹில் எஞ்சின் புகைந்து வெளியே, அலேசி சஸ்பென்ஷன் போய் வெளியே. கொடி விழும்போது ஓடிக்கொண்டிருந்தவை மூன்றே கார்கள்: பானிஸ், கூல்டார்ட், ஹெர்பர்ட். அதற்காக அந்த வெற்றியைக் குறைத்து மதிப்பிட நான் தயாரில்லை. தெருவில் ஓட்டி முடிப்பதே பாதிப் பந்தயம்.

#3 | டெல்டா_நேரம்

மயாமி தெருவா இல்லையா என்பதை ஒதுக்கிவைப்போம். இரண்டு பக்கமும் தடுப்பு, நின்றுபோன கார்களை எடுக்கச் சேஃப்டி கார் தேவைப்படும் இடம் என்ற அளவில் கணக்கு ஒன்றுதான். அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் எடுத்துக்காட்டுக்கு, எந்தத் தடத்துக்கும் பொருத்திப் பார்க்கலாம்.

பிட் பாதை 400 மீ, வேக வரம்பு 80 கிமீ என்று வைப்போம். அதைக் கடக்க 18 விநாடி. அதே நீளத்தைத் தடத்தில் 240 கிமீ வேகத்தில் போகிறவர் 6 விநாடியில் கடப்பார். ஆக 12 விநாடி வேகத்திலேயே போகிறது. டயர் மாற்ற 2.5. உள்ளே வர பிரேக் பிடிப்பதும், வெளியே போக வேகமெடுப்பதும் சேர்த்து ஒரு 4 முதல் 5. மொத்தம் சுமார் 19.

இப்போது சேஃப்டி கார் வந்துவிட்டது. தடத்தில் இருப்பவர் அந்த 400 மீட்டரை 120 கிமீ வேகத்தில் போகிறார், 12 விநாடி. நீங்கள் பிட்டில் இழப்பது 6 மட்டும். டயர் மாற்றம் அதே 2.5. பிரேக், வேகமெடுப்பு இழப்பும் பாதியாகிவிடும். மொத்தம் 10.5 அளவில் நிற்கும். பிட் செய்யாதவருக்கு எட்டு விநாடிக்கு மேல் சும்மா கிடைக்கிறது. ஏற்கெனவே பச்சைக் கொடியில் (பந்தயம் முழு வேகத்தில் ஓடும்போது) பிட் செய்தவர் முழு 19 விநாடியையும் கொடுத்தாகிவிட்டது, அது திரும்பாது.

இதிலிருந்து எஃப்1 அணிகள் எடுக்கும் முடிவு: தெருச் சுற்றில் டயர் தாங்கும்வரை முதல் ஸ்டிண்ட்டை (பிட்டுக்கு முந்தைய ஓட்டத்தை) நீட்டு. இதற்கு இரண்டு நிபந்தனை உண்டு, பலர் இவற்றைச் சொல்வதில்லை.

ஒன்று, நீட்டும்போது வேகம் விழக் கூடாது. பிட் செய்து புது டயரில் வருகிறவர் சுற்றுக்கு ஒரு விநாடி வேகமாக வந்தால், எட்டுச் சுற்றில் உங்கள் சேஃப்டி கார் லாபம் மொத்தமும் கரைந்துவிடும். நாரிஸ் பழைய மீடியத்தில் வேகத்தைப் பிடித்து வைத்திருந்ததுதான் விஷயமே. அந்த வாரம் மெக்லாரன் கொண்டுவந்த பெரிய மேம்பாட்டுத் தொகுப்பு, முன் இறக்கையிலிருந்து தரைத்தட்டு, சைட்பாட் வரை, முழுமையாக அவர் காரில் இருந்தது. பியாஸ்ட்ரிக்கு ஒரு பகுதிதான் கிடைத்தது.

இரண்டு, பின்னால் வருகிறவருடன் இடைவெளி எவ்வளவு என்பது. வெர்ஸ்டாப்பனுக்கும் நாரிஸுக்கும் அப்போது இருந்த இடைவெளி பச்சைக் கொடி பிட்டுக்குப் போதாது, சேஃப்டி கார் பிட்டுக்குப் போதும். மெதுவாக நீட்டியிருந்தால் அதே சேஃப்டி காரில் அவர் இரண்டாவதாகவோ நான்காவதாகவோதான் வெளியே வந்திருப்பார்.

விர்ச்சுவல் சேஃப்டி காரும் (கார் வராமல் வேகத்தை மட்டும் கட்டுப்படுத்துவது) இதே வகைதான், ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. அது எந்த நொடியிலும் முடியலாம். நீங்கள் பிட் பாதைக்குள் இருக்கும்போது தடம் பச்சையானால் வெளியே இருப்பவர்கள் முழு வேகத்துக்குப் போய்விடுவார்கள், உங்கள் தள்ளுபடி பாதியில் நின்றுபோகும். போலார்டு எடுப்பது போன்ற சின்ன வேலைக்கு வரும் விர்ச்சுவலை நம்பிப் பிட் செய்வது இதனால்தான் ஆபத்து.

#4 | மஞ்சள்விளக்கு

டெல்டா சார் சொன்னது எஃப்1-க்குச் சரி. இதை அப்படியே அமெரிக்காவின் இண்டிகார் பந்தயத் தொடருக்குக் கொண்டுபோனால் தலைகீழாகிவிடும். அங்கே பலன் எதிர்ப்பக்கம் போகிறது.

இண்டிகாரில் முழுத்தட மஞ்சள் கொடி வந்ததும் பிட் பாதை மூடப்படும். வண்டிகள் எல்லாம் பேஸ் காருக்குப் (அங்கே சேஃப்டி காருக்கு அந்தப் பெயர்) பின்னால் சேர்ந்து வரிசையான பிறகுதான் திறப்பார்கள். அதாவது பிட் செய்யாமல் முன்னணியில் ஓடியவரின் 15 விநாடி இடைவெளி முதலில் அழிகிறது. அப்புறம் பிட் திறக்கிறது, அவர் உள்ளே போகிறார். ஏற்கெனவே பிட் முடித்தவர்கள் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு நிற்பதால் அவர் வெளியே வரும்போது அத்தனை பேரும் முன்னால். முதலிடத்திலிருந்து 15வது இடம், ஒரே மஞ்சளில். தவறு ஏதும் செய்யாமலே.

அதனால் இண்டிகார் தெருச் சுற்றில் பொதுவான விதி: ஜன்னல் (பிட் செய்ய ஏற்ற சுற்றுகள்) திறந்ததும் உள்ளே வா. ஜன்னலை இப்படிக் கணக்கிடுவார்கள். 2023-இல் லாங் பீச் 85 சுற்று. டேங்க் கொள்ளளவு 18.5 அமெரிக்க கேலன், அதாவது சுமார் 70 லிட்டர். ஒரு டேங்க் 30 சுற்று வரும் என்று வைத்தால், இரண்டு டேங்க்கில் 60. 85-இல் 60 போக 25. ஆக 25வது சுற்றில் முதல் பிட் செய்தால் இன்னும் ஒரே ஒரு பிட்டோடு முடிக்கலாம். 25-க்கும் 30-க்கும் நடுவில்தான் முதல் ஜன்னல். எரிபொருளை மிச்சம் பிடித்து 32 சுற்று வரவைத்தால் ஜன்னல் 21-லேயே திறந்துவிடும். மிச்சம் பிடிப்பதன் உண்மையான பயன் அதுதான், சீக்கிரம் உள்ளே வர முடிவது.

எஃப்1-லும் ஒரு காலத்தில் இதே விதி இருந்தது. 2007, 2008-இல் சேஃப்டி கார் வந்தால் பிட் மூடல். கனடா 2007-இல் ஹாமில்டனின் முதல் வெற்றியை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு சேஃப்டி கார் வந்த பந்தயம் அது. முதல் சேஃப்டி கார் வருவதற்குச் சற்று முன்பே அவர் பிட் முடித்திருந்தார். அலோன்சோவும் ராஸ்பெர்கும் எரிபொருள் தீரும் நிலையில் மூடிய பிட்டுக்குள் வந்து தண்டனை வாங்கினார்கள். மாசாவும் ஃபிசிகெல்லாவும் பிட் வெளிவாயிலில் சிவப்பு விளக்கைத் தாண்டியதால் தகுதியிழந்தார்கள். 2009-இல் அந்த விதியையே எடுத்துவிட்டார்கள். 2010-இல் எரிபொருள் நிரப்புவதும் போனது. இன்று நாரிஸுக்குக் கிடைத்த மாதிரியான வாய்ப்பு 2007 விதியில் கிடைத்திருக்காது, உதைதான் கிடைத்திருக்கும்.

#5 | அகலடயர்

மஞ்சள்விளக்கு ப்ரோ, ஒரு சந்தேகம். இண்டிகாரில் சீக்கிரம் உள்ளே வருவதுதான் சரி என்றால், லாங் பீச் 2023-இல் கைல் கிர்க்வுட் எப்படி ஜெயித்தார்? அவர் நியூகார்டனுக்குப் பிறகுதானே பிட் செய்தார்? அதுவும் அவருக்கு முதல் போல் (முதலிடத்தில் கிளம்புவது), முதல் வெற்றி.

#6 | மஞ்சள்விளக்கு

நல்ல கேள்வி. இரண்டும் வேறு வேறு அளவில் நடக்கிற விஷயம். ஜன்னல் திறக்கும்போது வா என்பது மஞ்சளுக்கு எதிரான காப்பீடு. ஜன்னலுக்குள் வந்துவிட்ட பிறகு, பக்கத்தில் இருக்கும் எதிரியைவிட ஓரிரு சுற்று முன்னா பின்னா என்பது வேறு கணக்கு.

இண்டிகாரில் டயர் போர்வை கிடையாது. எஃப்1-இல் ஸ்லிக் (உலர்ந்த தடத்துக்கான வழுவழு) டயரை 70 டிகிரியில் சூடேற்றி மாட்டுகிறார்கள். இண்டிகாரில் வெளிக்காற்றுச் சூட்டில் இருக்கும் டயரோடு வெளியே போக வேண்டும். தெருச் சுற்றில் நீண்ட வேக வளைவு இல்லை, அதனால் டயருக்குள் சூடு ஏற நேரமாகும். பிட்டிலிருந்து வெளியே வந்த முதல் சுற்று பிடிமானமே இல்லாத சுற்று. அந்தச் சுற்றில் நீங்கள் இன்னும் தேய்ந்த, ஆனால் சூடான டயரில் ஓடிக்கொண்டிருந்தால் லாபம் உங்களுக்கு. இதுதான் ஓவர்கட் (எதிரிக்குப் பிறகு பிட் செய்து அவரைத் தாண்டுவது) அங்கே வேலை செய்யும் காரணம்.

அதோடு எரிபொருள் நேரம். காலி டேங்கை நிரப்ப ஏழெட்டு விநாடி ஆகும், நான்கு டயரையும் மாற்ற அதைவிடக் குறைவு. ஆக பிட்டில் நிற்கும் நேரத்தை முடிவு செய்வது எரிபொருள் குழாய். கடைசிப் பிட்டில் இறுதிவரை போகத் தேவையான அளவு மட்டும் ஊற்றினால் போதும். ஒரு சுற்று தள்ளி வருகிறவருக்கு ஒரு சுற்றுக்கான எரிபொருள் குறைவாகத் தேவை, குழாய் அந்த அளவுக்கு முன்னதாக வெளியே வரும். முன்பே வந்தவருக்கு இன்னொரு தலைவலி: கடைசி ஸ்டிண்ட் முழுக்க மிச்சம் பிடித்து ஓட்ட வேண்டும். நியூகார்டனுக்கு நடந்தது அதுதான். கடைசிப் பிட் சுற்றில் கிர்க்வுட் அவருக்கு முன்னால் வெளியே வந்தார், நியூகார்டன் எரிபொருளைச் சேமிக்கப்போய் இடங்களை இழந்துகொண்டே போனார். குரோஷான் இரண்டாவது, ஆண்ட்ரெட்டி அணிக்கு முதல் இரண்டு இடம்.

இந்த நேரம் முழுக்க மஞ்சள் வந்துவிடும் என்ற ஆபத்து கிர்க்வுட் தலைமேல்தான் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று நீட்டினார்கள். ஐந்தாறு சுற்று நீட்டியிருந்தால் துணிச்சல் என்று சொல்ல மாட்டேன்.

#7 | தடுப்புச்சுவர்

பானிஸுக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அதுவும் பிட் கணக்குதான், ஈரத்தில்.

தடம் காயும்போது மொனாக்கோவில் உலர்ந்த கோடு ஒரு கார் அகலத்துக்கு மட்டும் உருவாகும். அதைவிட்டு விலகினால் ஈரம், அதுவும் மழை கழுவாத வெள்ளைக் கோடும் சாக்கடை மூடியும் இருக்கும் சாலை ஈரம். முந்தவே முடியாது. அப்படியானால் இடம் பிடிக்க ஒரே வழி, மற்றவர்களுக்கு ஒரு சுற்று முன்னால் ஸ்லிக்குக்கு மாறுவது. அன்று 30வது சுற்றை ஒட்டி எல்லோரும் மாறினார்கள், பானிஸ் முதலில் மாறியவர்களில் ஒருவர். அந்த ஓரிரு சுற்றிலேயே பல கார்களைத் தாண்டினார். நிறைய எரிபொருளோடு கிளம்பியிருந்ததால் அந்த ஒரே பிட்டோடு முடிக்க வழி இருந்தது.

எப்போது மாறுவது என்று அறிய நல்ல அடையாளம், மழை டயரின் நடுப்பட்டை. காய்ந்த கோட்டில் ஓடினால் அது சூடேறி உருளும், கார் வளைவில் மிதக்கத் தொடங்கும், ஓட்டுநர் நேர்ச்சாலைகளில் வேண்டுமென்றே ஈரப் பக்கம் போய் டயரைக் குளிர்விப்பார். முன்னணிக் கார்கள் மூன்று பேர் அப்படி ஈரம் தேடிப் போனால் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். ஸ்லிக் போட்ட முதல் ஆள் எந்தச் செக்டரிலாவது (சுற்றின் பகுதியிலாவது) பச்சை, அதாவது தன் முந்தைய நேரத்தைவிட வேகம் காட்டினால் அந்தச் சுற்றிலேயே உள்ளே வர வேண்டும். அடுத்த சுற்று என்றால் தாமதம்.

அவர் வாய்ப்புக்காகக் காத்திருந்து மட்டும் ஜெயிக்கவில்லை. இர்வைனை லோஸ் ஹேர்பின்னில் உள்பக்கம் இடித்துத் தள்ளிக்கொண்டு போனார். மிக மெதுவான வளைவு என்பதால் இறக்கை தப்பியது. வேகமான இடத்தில் அதே உரசல் பந்தயத்தையே முடித்திருக்கும். இரண்டு மணி நேர வரம்பு வந்ததால் 78-க்குப் பதில் 75 சுற்றோடு நிறுத்தினார்கள். எரிபொருளை மிச்சம் பிடித்து ஓட்டிக்கொண்டிருந்த காருக்கு அந்த மூன்று சுற்றுக் குறைவும் உதவியது.

#8 | டோ_லிங்க்

எல்லோரும் பிட் சுவர்ப் பக்கமே பேசுகிறீர்கள். காருக்குள் என்ன மாற்றிக்கொண்டு தெருவுக்கு வருகிறார்கள், எது உடைகிறது என்பதையும் சொல்ல வேண்டும். முதல் வெற்றியை நழுவவிட்டவர்களில் பாதிப் பேர் பிட் கணக்கில் தோற்கவில்லை, சுவரில் தோற்றார்கள்.

உயரம்: சாலையின் முதுகும் மேன்ஹோலும் தரைத்தட்டைத் தேய்க்கும். நிரந்தரத் தடத்தைவிடத் தரையிலிருந்து உயர்த்த வேண்டும், டவுன்ஃபோர்ஸ் (காரைத் தரையோடு அழுத்தும் காற்று விசை) கொஞ்சம் போகும், வேறு வழியில்லை. டேம்பரில் (அதிர்வு அடக்கியில்) வேகமான அசைவுக்கான பகுதியை இளக்கிவிட வேண்டும். இல்லையென்றால் பிரேக் பிடிக்கும் இடத்தில் சக்கரம் தாவும், தாவின நொடியில் பூட்டிக்கொள்ளும்.

ஸ்டீயரிங் திருப்பம்: மொனாக்கோ ஹேர்பின்னுக்கு வழக்கமான எஃப்1 காரின் திருப்பம் போதாது. அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் கூடுதல் திருப்பம் தரும் பாகங்களை முன் சஸ்பென்ஷனில் மாட்டுகிறார்கள். முழுத் திருப்பத்தில் டயர் எதையாவது உரசுகிறதா என்று பட்டறையிலேயே பார்த்துவிட வேண்டும்.

இப்போது சுவர். முன் சக்கரம் சுவரைத் தொட்டால் ட்ராக் ராட் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டு) வளையும். ஸ்டீயரிங் கை நீளம் 100 மிமீ என்று எடுத்துக்கொண்டால், ராட் 1 மிமீ குறுகினாலே சக்கரம் 0.57 டிகிரி திரும்பிவிடும். கண்ணுக்குத் தெரியாத வளைவு அது. ஓட்டுநருக்கு உடனே தெரியும்: நேர்ச்சாலையில் ஸ்டீயரிங் நேராக நிற்காது. ஒரு பக்க வளைவில் மட்டும் மூக்கு உள்ளே போகாது, அந்த டயரின் ஓரம் வேகமாகத் தேயும். முன் பக்கம் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிடலாம். பின் பக்க டோ லிங்க் (பின் சக்கரத்தின் திசையைப் பிடித்து வைக்கும் தண்டு) வளைந்தால் கதை வேறு. பிரேக் பிடிக்கும்போது பின் பக்கம் தானாகத் திரும்பப் பார்க்கும், ஆக்சிலரேட்டரை அழுத்தினால் ஒரு பக்கம் இழுக்கும். தொட்டது எந்தச் சக்கரம் என்பதை ஓட்டுநர் ரேடியோவில் சொல்லியாக வேண்டும். "சுவரைத் தொட்டேன்" என்று மட்டும் சொன்னால் பிட் குழு எந்தப் பாகத்தோடு நிற்பது?

இண்டிகாரில் பவர் ஸ்டீயரிங் கிடையாது. முன் சக்கரம் சுவரில் அடித்தால் அந்த அடி முழுக்க ஸ்டீயரிங் வளையத்துக்கு வரும், மணிக்கட்டு முறியும். மோதல் உறுதி என்று தெரிந்த நொடியில் கையை வளையத்திலிருந்து எடுத்து மார்போடு வைத்துக்கொள்வது அங்கே பழக்கம்.

பிரேக் குளிர்ச்சி இன்னொன்று. கார்பன் டிஸ்க் சூடானால்தான் கடிக்கும், அதிகச் சூடானால் ஆக்சிஜனேற்றத்தில் கரைந்துபோகும். தெருவில் நேர்ச்சாலை குட்டை, காற்று குறைவு, பிரேக் அடிக்கடி. அதனால் டக்ட்டைப் (பிரேக்குக்குக் காற்று கொண்டுவரும் குழாயை) பெரிதாக வைப்பார்கள், கிரிட்டில் டேப் ஒட்டிச் சரிசெய்வார்கள். ஆனால் பெரிய டக்ட்டோடு சேஃப்டி காருக்குப் பின்னால் ஐந்து சுற்று ஊர்ந்தால் டிஸ்க் குளிர்ந்துவிடும். மறுதொடக்கத்தில் முதல் பிரேக்கில் கால் அழுத்தினால் கார் நிற்காது.

#9 | கடைசிவளைவு

டோ_லிங்க் சொன்ன அந்தக் கடைசி விஷயத்தாலேயே ஒருவருக்கு முதல் வெற்றிப் பாதை திறந்தது. மொனாக்கோ 2004, யார்னோ ட்ருல்லி.

ட்ருல்லி போலில் இருந்து கிளம்பினார், ரெனோ. அலோன்சோ சுரங்கத்தில் ராஃப் ஷூமாக்கரைச் சுற்றுத் தாண்டும்போது பந்தயக் கோட்டைவிட்டு வெளியே போய் மோதினார். சேஃப்டி கார் வந்தது. முன்னணியினர் பிட்டுக்குப் போக, மைக்கேல் ஷூமாக்கர் வெளியே தங்கி முதலிடத்துக்கு வந்தார். சுரங்கத்தில் பிரேக்கையும் டயரையும் சூடேற்றத் திடீரென வேகம் குறைத்தார், பின்னால் ஒரு சுற்றுப் பின்தங்கி வந்த மொன்டோயாவோடு தொட்டுக்கொண்டு சுவரில் போனார். சுரங்கத்திலிருந்து வெளியே வந்தபோது இடது முன் சஸ்பென்ஷன் உடைந்து தொங்கியது. அவருடைய ஐந்து தொடர் வெற்றி அங்கே நின்றது.

அதற்கப்புறம் ட்ருல்லி என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். பின்னால் பட்டன், கடைசியில் இடைவெளி 0.497 விநாடி. மொனாக்கோவில் அரை விநாடியில் ஒருவரைப் பின்னால் வைத்திருக்க எல்லா வளைவிலும் வேகமாக இருக்கத் தேவையில்லை. ரஸ்காஸுக்கு அடுத்த கடைசி வளைவிலிருந்து வெளியேறும் இடமும், போர்ட்டியேவிலிருந்து சுரங்கத்துக்குள் நுழையும் இடமும் சுத்தமாக இருந்தால் போதும். சாங் தெவோத்திலும் சுரங்கத்துக்குப் பிறகான சிகேனிலும்தான் முந்த முடியும், அவை இரண்டும் அந்த வெளியேற்றங்களின் முடிவில் இருக்கின்றன. மற்ற வளைவுகளில் டயரைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

மறுதொடக்கம் முதன்முறை முன்னணியில் இருப்பவருக்குத் தனிப் பாடம். சேஃப்டி காரின் ஆரஞ்சு விளக்குகள் அணைந்த பிறகு வேகத்தை முடிவு செய்வது முதல் கார். எஃப்1-இல் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டும்வரை யாரும் முந்தக் கூடாது. நான் பார்த்தவரை நன்றாகச் செய்கிறவர்கள் வரிசையைக் கடைசி வளைவுகளில் இறுக்கமாகச் சேர்த்து, பின்னால் இருப்பவர் பிரேக்கில் கால் வைத்திருக்கும் நொடியில் கிளம்புகிறார்கள். அதற்கு முன் பிரேக் சமநிலையைப் பின்பக்கம் நகர்த்தி பின் டிஸ்க்குகளையும் சூடாக்கி, முதல் வளைவுக்கு முன் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். பின்னால் நகர்த்தியதை மறந்தால் முதல் பிரேக்கிலேயே பின்சக்கரம் பூட்டிக் கார் சுழலும். பேட்டரியும் முழுதாக இருக்க வேண்டும். நாரிஸ் மயாமியில் இதில் ஒரு பிழையும் விடவில்லை, பின்னால் வெர்ஸ்டாப்பன் இருந்தும்.

#10 | டெல்டா_நேரம்

மறுதொடக்கத்துக்குப் பிறகான எண் ஒன்றைச் சேர்க்கிறேன், "கையில் கொடுத்த வெற்றி" என்கிறவர்களுக்கு. அதன் பின் இருந்தவை சுமார் 25 சுற்று. 7.612-ஐ 25-ஆல் வகுத்தால் சுற்றுக்கு 0.3 விநாடி. இருவரும் ஹார்டு டயர், நாரிஸுடையது சில சுற்று புதியது, அவ்வளவுதான். வெர்ஸ்டாப்பனின் அந்தக் கால ரெட் புல் காரிடமிருந்து சுத்தமான காற்றில் சுற்றுக்கு 0.3 எடுப்பது சேஃப்டி கார் தர முடியாத விஷயம்.

வேகத்தாலேயே வந்த தெரு முதல் வெற்றிகளும் உண்டு. டகுமா சாட்டோ, லாங் பீச் 2013. ஏ.ஜே. ஃபாயிட் அணி, நான்காவது இடத்தில் கிளம்பி, பந்தயத்தின் பெரும்பகுதியை முன்னணியில் ஓட்டி ஜெயித்தார். இண்டிகாரில் ஜப்பானியர் ஒருவரின் முதல் வெற்றி அது. அங்கே பிட் கணக்கு அவரை முன்னால் கொண்டுவரவில்லை, முன்னாலேயே வைத்திருந்தது.

#11 | அகலடயர்

அப்படியானால் டெட்ராய்ட் 2021? மார்கஸ் எரிக்சனின் முதல் இண்டிகார் வெற்றி. வில் பவர் முன்னணியில் இருந்தார், சிவப்புக் கொடி, அதன் பின் அவர் கார் கிளம்பவே இல்லை. இது முழுக்க அதிர்ஷ்டம் இல்லையா? உண்மையில் என்ன பழுது?

#12 | டோ_லிங்க்

டெட்ராய்ட்டின் பெல் ஐல் தெருச் சுற்று, அந்த வாரயிறுதியின் முதல் பந்தயம். கடைசிச் சுற்றுகளில் குரோஷான் சுவரில் மோதினார். மஞ்சளிலேயே முடியக் கூடாது என்று சிவப்புக் கொடி காட்டி வண்டிகளைப் பிட் பாதையில் நிறுத்தினார்கள். பவரின் காரில் எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினி, அதாவது இசியு, சூட்டில் வேலைநிறுத்தம் செய்தது.

ஓடும்போது சைட்பாட் வழியாகக் காற்று பாய்ந்து எல்லாவற்றையும் குளிர்விக்கிறது. கார் நின்றதும் காற்று நிற்கும், ஆனால் எஞ்சின் உலோகத்தின் சூடு எங்கும் போகாது. அணைத்தபின் சில நிமிடங்களுக்குச் சுற்றுப்புறப் பாகங்களின் சூடு ஏறிக்கொண்டேதான் இருக்கும். மதிய வெயில், தார்ச்சாலை, மூடிய பாடி. மின்னணுப் பெட்டி தன் வரம்பைத் தாண்டினால் ஸ்டார்ட் அனுமதிக்காது. 2024-இல் ஹைப்ரிட் வரும்வரை இண்டிகாரில் ஓட்டுநரே ஸ்டார்ட் செய்யும் மோட்டார் இல்லை. பின்பக்கம் வெளி ஸ்டார்ட்டரைச் செருகிச் சுழற்ற வேண்டியிருந்தது. எஞ்சின் சுழலும், இசியு பற்றவைப்புக் கொடுக்காது, அவ்வளவுதான். சிவப்புக் கொடியில் காரைத் தொட்டு வேலை செய்யவும் தடை இருப்பதால், குளிர்விக்கும் விசிறியை அனுமதித்தவுடன் எந்தப் பெட்டிக்கு முதலில் காட்டுவது என்று முன்பே முடிவு செய்து வைத்திருக்க வேண்டும். ரேடியேட்டருக்கு ஒன்று, மின்னணுப் பெட்டிக்கு ஒன்று. ரேடியேட்டருக்கு மட்டும் காட்டினால் இப்படித்தான் மாட்டும்.

எரிக்சனைப் பொறுத்தவரை அவர் அப்போது இரண்டாவது. மறுதொடக்கத்துக்குப் பின் மீதிச் சுற்றுகளில் வீகேயையும் ஓ'வார்டையும் பின்னால் வைத்திருந்தார். முன்னால் ஒருவர் நின்றுபோனது அதிர்ஷ்டம்தான். பன்னிரண்டாவதாக இருந்தவருக்கு அந்த அதிர்ஷ்டத்தால் ஒரு இடம்தான் கிடைத்தது.

#13 | மஞ்சள்விளக்கு

டெட்ராய்ட்டில் ஒரு துணைத் தகவல், பிட் மூடல் பேச்சோடு சேர்த்து. இண்டிகார் பந்தயக் கட்டுப்பாடு இப்போதெல்லாம் தெருச் சுற்றில், ஆபத்தில்லாத இடத்தில் கார் நின்றால், முன்னணியினர் பிட் முடிக்கும்வரை அந்த இடத்துக்கு மட்டும் மஞ்சள் காட்டி, முழுத்தட மஞ்சளைத் தள்ளிப்போடுவது உண்டு. அதனால் முன்னணியில் இருப்பவரின் பிட் சுவர் செய்ய வேண்டியது: எங்காவது ஒரு கார் நின்றதாகத் திரையில் தெரிந்தால், ஜன்னல் திறந்திருந்தால், யோசிக்காமல் அதே சுற்றில் கூப்பிடு. "பார்க்கலாம்" என்று ஒரு சுற்று விட்டால் பிட் நுழைவைத் தாண்டிய பிறகு மஞ்சள் வரும்.

எஃப்1-இல் ஒவ்வொரு சுற்றிலும் ஓட்டுநருக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கிறார்கள்: சேஃப்டி கார் வந்தால் உள்ளே, விர்ச்சுவல் வந்தால் வெளியே, இப்படி. அறிவிப்பு வந்து பிட் நுழைவுக்கு மூன்று விநாடி இருக்கும்போது விவாதிக்க நேரம் இல்லை. இரண்டு காரும் ஒரே சுற்றில் வந்தால் இரண்டாவது கார் பெட்டிக்குப் பின்னால் காத்திருக்க வேண்டியிருக்கும், குறைந்தது நான்கு விநாடி இடைவெளி இல்லையென்றால் அதை இன்னொரு சுற்று வெளியே விடுவது லாபமா என்று முன்பே போட்டு வைத்திருக்க வேண்டும்.

#14 | தடுப்புச்சுவர்

பிட் வெளிவாயில் விளக்கையும் மறக்காதீர்கள். கனடா 2008, ராபர்ட் குபிட்சாவின் முதல் வெற்றி. சேஃப்டி காரில் பிட் திறந்ததும் எல்லோரும் சேர்ந்து உள்ளே வந்தார்கள். வெளியேறும் இடத்தில் வரிசை கடந்துகொண்டிருந்ததால் சிவப்பு. குபிட்சாவும் ரைக்கனனும் அருகருகே நின்றார்கள். முன்னணியில் இருந்த ஹாமில்டன் விளக்கைக் கவனிக்காமல் ரைக்கனனின் பின்னால் மோதினார், ராஸ்பெர்க் அவர் பின்னால். ஹாமில்டனுக்கும் ரைக்கனனுக்கும் பந்தயம் அங்கேயே முடிந்தது. மோதியது குபிட்சாவுக்குப் பக்கத்துக் காரில். ஒரு கார் அகலம்.

பிட் பாதையில் முந்துவதிலேயே கண் இருக்கும்போது வாயில் விளக்கைப் பார்க்க மாட்டார்கள். அதனால் சேஃப்டி காரில் கார் பெட்டியை விட்டுக் கிளம்பும்போதே "வாயில் சிவப்பு" என்று பொறியாளர் ரேடியோவில் சொல்ல வேண்டும். நுழைவில் சொன்னால் சீக்கிரம், டயர் மாற்றும் பரபரப்பில் மறந்துவிடும். சரியான நேரம் ஜாக் இறங்கும் நொடி.